கூலியும் ஒத்தாசையும்

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் மாலைதோறும் காணலாகும் காட்சி ஒன்று உண்டு. கொழுந்து பறித்துக் களைத்து வந்த தாய் வாசலைப் பெருக்குகின்றாள். மூன்று வயது மகள் விளக்குமாற்றைப் பற்றித் தானும் பெருக்க முனைகின்றாள். "விடம்மா, இந்த வேலையெல்லாம் உனக்கு வேண்டாம்" என்று தாய் விலக்கி விடுகின்றாள்.

அவ்விலக்கில் ஒரு வரலாறே அடங்கியுள்ளது. பெருந்தோட்டங்களில் ஒரு காலத்தே சிறுவர் கைகளும் கூலிக்கு விலைப்பட்டன. தங்கையைப் பார்க்கவென்று அக்காளின் படிப்பு நின்ற வீடுகளும் பல. 'என் பிள்ளை கூடை சுமக்கலாகாது' என்ற உறுதி அத்துயரில் முளைத்தது. நம் நாட்டில் கட்டாயக் கல்வி 2016 இல் 16 வயது வரை நீண்டது. வேலைக்கமர்த்தும் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆயிற்று. இவை போற்றற்குரியன.

நிற்க. கூலி வேறு, ஒத்தாசை வேறு. பீலியில் தண்ணீர் பிடிக்கும் தாயின் பின்னே சிறு செம்பேந்திச் சென்ற குழந்தை யாருக்கும் கூலியாள் அன்று. அது வீட்டின் பங்காளி. கூலியை ஒழிக்கப் புகுந்த நாம் இப்பங்கையும் உடன் ஒழித்துவிட்டோமோ என்பதே என் கவலை.

உதவும் விருப்பம் நாம் ஊட்டுவதன்று, குழந்தையோடு வருவது. வார்னெக்கன், டொமசெல்லோ என்னும் அறிஞர் இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், துணி உலர்த்துவோர் கையினின்று கவ்வி நழுவி வீழ, 18 மாதக் குழந்தைகள் கேளாமலே எடுத்துக் கொடுத்தன. அவர்களே 2008 இல் மற்றொன்று கண்டனர்: உதவிக்குப் பொருட்பரிசு பெற்ற குழந்தைகள், பெறாதவற்றினும் பின்னர்க் குறைவாகவே உதவின. கைம்மாறு கருதாக் கொடையை மழையோடு வைத்து எண்ணிய வள்ளுவரின் 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தைக் கற்றார்க்கு இது வியப்பன்று.

மெக்சிக்கோவின் பழங்குடித் தாயர் பலர், மழலையின் உதவியால் வேலை தாமதித்தாலும் அதனைத் தடுப்பதில்லை என்று ரோகோஃப் அம்மையார் முதலிய ஆய்வாளர் எழுதியுள்ளனர். இன்று நாம் பொறுக்கும் அத்தாமதமே நாளைய பழக்கத்துக்கு வித்து.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு குற்றம் உண்டு. பிந்தி வந்த மாணவனை வகுப்பறை பெருக்கச் சொல்கின்றோம். துடைப்பத்தைத் தண்டனையாக்கிவிட்டு, உதவும் பண்பைப் பாடப்புத்தகத்தில் தேடுவது தகுமா?

பிள்ளை படிக்கட்டும், விளையாடட்டும், கூலிக்கு ஒருகாலும் போகாதிருக்கட்டும். ஆயின், அது நீட்டும் கையில் ஒரு சிறு ஈர்க்குக் கட்டையேனும் கொடுப்போம். மூலையில் குப்பை சிறிது எஞ்சினால் என்ன? நாளை பெருக்கிக் கொள்ளலாம்.