சாணம் சொல்லும் மேய்ச்சல் கணக்கு

மணலியின் கிண்ணப் பூஞ்சைகளை ஏன் பதிவுசெய்ய வேண்டும்?

ஒரு மாடு எதை மேய்ந்தது என்பதற்கு அதன் சாணத்தில் சாட்சி இருக்கிறது. சாணத்தை எடுத்து இரண்டு மூன்று வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் போதும். அதன் மேல் கடுகைவிடச் சிறிய மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு வட்டுகள் முளைக்கும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் பலவும் நடுவில் குழிந்திருக்கும். இவைதான் கிண்ணப் பூஞ்சைகள். இவற்றில் பல இனங்கள் சாணத்தையே நம்பி வாழ்பவை. சாணத்துக்குள் அவை வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் மாட்டின் வாய் வழியாகத்தான்.

வடசென்னையின் மணலியில் இந்தச் சாட்சிக்குத் தனி மதிப்பு உண்டு. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1966-ல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் என நிறுவனங்கள் உருவாகி, அவற்றைத் தொடர்ந்து பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் வந்தன. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளை வரிசைப்படுத்தியபோது மணலியும் அதில் இருந்தது. ஆனாலும் மணலிப் புதுநகர், சடையங்குப்பம் பக்கம் இன்றும் மாடுகள் மேய்கின்றன. பக்கத்திலேயே மாதவரம் பால் பண்ணையும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

ஊர் மாடுகளுக்கான பொது நிலத்தை வருவாய்த் துறைப் பதிவேடுகள் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று குறிக்கின்றன. நிலம் வேறு தேவைக்குப் போனால் பதிவேட்டில் வகை மாறும். பரப்பளவும் சர்வே எண்ணும் மிஞ்சும். அங்கே முளைத்த புல்லையும், அதை மேய்ந்த மாட்டையும், அந்தச் சாணத்தில் வாழ்ந்த உயிர்களையும் எந்தப் பதிவேடும் எழுதி வைப்பதில்லை. அந்தப் பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்.

புல்லிலிருந்து புல்லுக்கு

கிண்ணத்தின் உள்பரப்பு முழுக்க நெருக்கமாக நிற்கும் நுண்ணிய பைகள். பெரும்பாலான இனங்களில் ஒவ்வொரு பையிலும் எட்டு வித்துகள். சாணக் கிண்ணப் பூஞ்சைகளில் முக்கியமான அஸ்கோபோலஸ் பேரினத்தில், பைகள் முதிர்ந்ததும் பரப்புக்கு மேலே தலைநீட்டி வெளிச்சம் வரும் திசைக்கு வளையும். பிறகு பையின் நுனியில் உள்ள மூடி திறக்க, வித்துகள் பாய்ந்து வெளியேறும். அஸ்கோபோலஸ் இம்மெர்சஸ் என்ற இனம், சாணத்தில் புதைந்திருந்தபடியே ஓர் அடி தூரம் வரை வித்துகளை எறியக்கூடியது.

இந்தத் தூரத்துக்குக் காரணம் இருக்கிறது. தன் சாணத்தை ஒட்டி வளரும் புல்லை மாடு தவிர்த்துவிடும். அதைத் தாண்டிய புல்லில் போய் ஒட்டினால்தான் வித்துக்கு வழி பிறக்கும். தனித்தனியாகப் பறக்கும் சிறு துகளைக் காற்று உடனே தடுத்துவிடும். எட்டும் சேர்ந்து கட்டியாகப் போனால் தூரம் கூடும். சாக்கோபோலஸ் பேரினத்தில் எட்டு வித்துகளும் ஒரே பொட்டலமாகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

புல்லோடு வயிற்றுக்குள் போகும் வித்து செரிப்பதில்லை. அங்கே கிடைக்கும் வெப்பமும் செரிமானச் சாறுகளும் அதன் உறக்கத்தைக் கலைக்கின்றன. சாணத்தோடு வெளியே வந்து முளைத்து, கிண்ணம் விட்டு, மறுபடி புல்லை நோக்கி வித்துகளை எறிகிறது. இந்தச் சுற்றில் புல், மாடு, சாணம், ஈரம் என எது அறுந்தாலும் பூஞ்சையும் அறும்.

எப்படி அடையாளம் காண்பது?

ஒன்றிரண்டு நாள் ஆன சாணத்தைக் காகிதப் பையில் எடுத்து வரலாம். உடனே பார்க்க முடியாவிட்டால் நிழலில் உலர்த்தி வைக்கலாம். மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஈரமான காகிதத்தை விரித்து, அதன் மேல் சாணத்தை வைத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. கையுறை அவசியம், சமையலறைப் பாத்திரம் கூடாது.

முதல் வாரத்தில் தலையில் கறுப்புத் தொப்பியோடு நிற்கும் பைலோபோலஸ் என்ற பூஞ்சை பெரும்பாலும் முந்திக்கொள்ளும். அது கிண்ணப் பூஞ்சை அல்ல. அதைத் தொடர்ந்து கிண்ணங்கள் வரும். ஆரஞ்சு நிறத்தில், விறைத்த முடிகளோடு, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் லாசியோபோலஸாக இருக்கலாம். மஞ்சள் கலந்த பச்சை வட்டில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அஸ்கோபோலஸாக இருக்கலாம். அந்தப் புள்ளிகள் முதிர்ந்த பைகள்.

கண்ணால் பார்த்து இவ்வளவுதான் சொல்ல முடியும். இனப்பெயருக்கு நுண்ணோக்கி வேண்டும். அஸ்கோபோலஸின் வித்து முதலில் நிறமற்றிருந்து, பிறகு ஊதாவாகி, முதுமையில் பழுப்பாகும். அதன் மேலுள்ள வரிகளும் பிளவுகளும் இனத்துக்கு இனம் மாறும். அயோடின் கரைசலில் பையின் சுவர் நீலமாகிறதா என்பதும் முக்கியமான குறிப்பு. இந்தப் பண்புகளையெல்லாம் தொகுத்து அஸ்கோபோலஸ், சாக்கோபோலஸ் இரண்டுக்கும் உலக அளவிலான நூலை 1967-ல் வெளியிட்டவர் நெதர்லாந்தின் வான் பிரம்மெலன். இந்தியாவில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் கே. எஸ். திந்தும் அவருடைய மாணவர்களும் இமயமலைப் பகுதியின் கிண்ணப் பூஞ்சைகளை விரிவாக ஆராய்ந்தார்கள்.

படம் மட்டும் போதாது

கைப்பேசியில் எடுத்த படம் ஆர்வத்தைத் தூண்டும், ஆதாரமாக நிற்காது. கிண்ணத்தை உலர்த்திக் காகித உறையில் இட்டு, நாள், இடம், எந்த விலங்கு என்பதை எழுத வேண்டும். குறைந்தது இருபது வித்துகளையாவது அளந்து, வரைந்து சேர்க்க வேண்டும். மாடு வளர்ப்பவரிடம் இரண்டு கேள்விகள் கட்டாயம் கேட்க வேண்டும்: மாடு மேய்ச்சலுக்குப் போகிறதா, கொட்டகையிலேயே தீவனம் தின்கிறதா? குடற்புழு நீக்க மருந்து கடைசியாக எப்போது கொடுத்தார்கள்? வைக்கோலிலும் வித்து ஒட்டியிருக்கலாம் என்பதால், மேயும் மாட்டின் சாணத்தையும் கட்டிப்போட்ட மாட்டின் சாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வித்து மேய்ச்சலில் வந்ததா என்பது தெளிவாகும். எதுவும் முளைக்கவில்லை என்றாலும் அதையும் எழுத வேண்டும்.

இதற்குச் சென்னையில் வலுவான மரபு இருக்கிறது. டி. எஸ். சதாசிவனும் சி. வி. சுப்பிரமணியனும் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தைப் பூஞ்சையியலில் உலகம் அறிந்த இடமாக ஆக்கினார்கள். பாரதி மகளிர் கல்லூரி, சர் தியாகராயா கல்லூரி போன்ற வடசென்னைக் கல்லூரிகளின் மாணவர்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தப் பணியைத் தொடங்கலாம். பெரிய செலவு கிடையாது. பொறுமையும் ஒரு நல்ல நுண்ணோக்கியும் வேண்டும்.

காற்றையும் நீரையும் அளக்கும் கருவிகள் மணலியில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைச் சொல்கின்றன. எது இன்னும் பிழைத்திருக்கிறது என்பதையும் ஓர் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். உலர்ந்த மாதிரியோடு கூடிய பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியல் இருந்தால்கூட, மிச்சமிருக்கும் மேய்ச்சல் நிலத்தைக் காக்கக் கேட்கும்போது அங்கே என்ன வாழ்கிறது என்று பெயர் சொல்லிப் பேச முடியும்.