செவிக்குரிய யாப்பு

மரபுக் கவிதை கண்ணுக்கு மட்டும் உரியதன்று; செவிக்கு உரியது. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என ஓசை வகுத்தனர் இலக்கண நூலார். ஆயினும் இன்று யாப்பு, அலகிட்டு வாய்பாடு எழுதும் தேர்வுப் பாடமாகச் சுருங்கிவிட்டது.

இக்குறையைத் தீர்க்கவல்லது கவியரங்கம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி மாணவர்க்கு மின்தொடர் வண்டி இருக்கையில் சென்னை நகரின் தமிழரங்குகள் தொலைவல்ல. அங்கே கவிஞர் ஓரடியை இருமுறை சொல்வார். முதன்முறை ஓசையும் மறுமுறை பொருளும் மனத்திற் பதியும். முதலடியின் இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்ட செவி, அடுத்த அடியின் எதுகையை எதிர்நோக்கும். தளை தட்டினாலோ இடறும்.

ஒருமுறை மாணவர் சிலரை நாம் அழைத்துச் சென்றோம். ‘நாள், மலர், காசு, பிறப்பு’ என வகுப்பில் பிழையற ஒப்பித்தவர் ஒருவர். நாற்சீரடிகளுக்குப் பின் ஈற்றடி முச்சீரில் நின்றபோது, “ஐயா, முடிந்துவிட்டது!” என்று கைதட்டினார். இலக்கணம் அன்றுதான் அவருக்கு இன்பமாயிற்று.

இது நமக்குப் புதிதன்று. சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராய் விளங்கியவர் நீதியரசர் மு.மு. இஸ்மாயீல். உமறுப்புலவரின் சீறாப்புராணமோ 5027 விருத்தங்களால் அமைந்த காப்பியம். அதனை இராகத்தோடு படிக்கக் கேட்டு வளர்ந்த பெரியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அச்சிட்ட நூல் என்றும் கிடைக்கும். அந்தக் குரல் என்றும் கிடைக்காது. மாணவச் செல்வங்களே, அரங்குகளுக்குச் செல்லுங்கள். அதற்குமுன் உங்கள் இல்லத்துப் பெரியோரைப் பாடச்சொல்லிக் கேளுங்கள்.