‘அந்த’ இடத்தில் கட்டி, வலி... எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

“அங்க கட்டி மாதிரி இருக்கு, வலிக்குது... டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது?” என்று கூச்சப்பட்டு நாள் கடத்துகிறீர்களா? எல்லாக் கட்டியும் ஆபத்தில்லை. ஆனால், சில கட்டிகளும் வலிகளும் காத்திருக்காது.

ஷேவ் செய்தபின் முடியின் வேரில் வரும் சின்னக் கொப்புளத்தைப் பிதுக்காதீங்க. வெந்நீர் ஒத்தடத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். பெரிதானாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

ஓரிரு நாளில் மெள்ள வலி கூடி, விதைப்பை வீங்கி, சிறுநீர் போகும்போது எரிந்தால், தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

திடீரென ஒரு பக்க விதையில் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தியா? விதை முறுக்கிக்கொண்டு, அதற்குப் போகும் ரத்தம் தடைப்பட்டிருக்கலாம். 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு இது அதிகம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால், விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

வலியே இல்லாத, கெட்டியான கட்டியையும் விட்டுவிடாதீர்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகும்.

பெற்றோருக்கு ஒன்று: கூச்சத்தில் பையன் ‘வயிறு வலிக்குது’ என்று மட்டும் சொல்லக்கூடும். “கீழேயும் வலிக்குதாப்பா?” என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.