மேசைமேல் நிற்கும் உரோமாபுரி



கீரிமலைக் கேணியில் நீராடுவோரின் காலடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. அதே சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்திலே பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறினால் சலவைக்கல் ஆகிறது. அந்தச் சலவைக்கல்லில் உரோமாபுரியின் பெருங்கட்டடங்களைச் சாண் உயரத்தில் செதுக்கிய கலையைப் பற்றி இன்று பார்ப்போம்.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களின் பிள்ளைகள் தமது கல்வியின் நிறைவாக இத்தாலிக்குப் பயணம் செய்தார்கள். புகைப்படம் தோன்றாத காலம் அது. கண்டதை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பிய அவர்களுக்காக உரோமக் கைவினைஞர்கள் தூண்களையும் வெற்றி வளைவுகளையும் சிறுவடிவில் செய்து விற்றார்கள். பண்டை உரோமர் இன்றைய துனீசியாவிலிருந்து கப்பலேற்றிய மஞ்சள்நிறக் கல்லும், கிரேக்க நாட்டுச் செந்நிறக் கல்லும் இதற்குப் பயன்பட்டன. இடிபாடுகளில் கிடைத்த உடைந்த துண்டுகளே மீண்டும் சிறு தூண்களாயின.

கி.பி. 113இல் எழுப்பப்பட்ட திராஜன் தூண், பீடம் நீங்கலாக ஏறத்தாழ 30 மீற்றர் உயரமானது. லூயிஜி வலாடியே என்ற பொற்கொல்லர் அதை 1774 முதல் 1780 வரை உழைத்து ஏறத்தாழ இரண்டு மீற்றருக்குள் அடக்கினார். அது இன்றும் மியூனிச் அரண்மனையில் இருக்கிறது.

இக்கலையின் சிறப்பு அதன் நேர்மை. கஸ்தோர் கோயிலில் எஞ்சியவை மூன்று தூண்கள். கைவினைஞரும் மூன்றையே செதுக்கினர். இல்லாத கூரையைக் கற்பனையில் வேயவில்லை. சிறுவயதில் உரோமாபுரியைப் படங்களில் கண்டு வளர்ந்த மகாகவி கேத்தே, 1786இல் நேரிலே அங்கு சென்றபோது, ஓவியத்திலும் சுதையிலும் தக்கையிலும் முன்பே அறிந்தவற்றை மெய்யாகக் கண்டதாக எழுதினார். சிறுவடிவம் பெரியதற்கு வழிகாட்டியது.

சிறுவடிவம் நமக்கும் புதிதன்று. கீரிமலைக்குத் தெற்கே கந்தரோடையில் முருகைக்கல்லாலான சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. அவை பக்தியின் சின்னங்கள். விற்பனைப் பொருள்கள் அல்ல. உரோம நாணயங்களும் அவ்வூரில் கிடைத்துள்ளன.

ஆனால், 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த நகுலேஸ்வரத்தின் பழைய தோற்றத்தைக் காட்ட நம்மிடம் ஒரு சாண் கல்லும் இல்லை. பின்னர் எழுந்த கோயிலும் 1990இல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. இன்று நிற்கும் கோயில்களையாவது அளவெடுத்து, உள்ளது உள்ளபடி, சிறுவடிவில் செய்து வைத்தால் என்ன? பெரியது வீழ்ந்த பின் சாட்சி சொல்லச் சிறியதே மிஞ்சும்.