வினைமுற்று வரும்வரை பொறுங்கள்

திருவண்ணாமலையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சத்சங்கங்கள், தீபத் திருவிழாச் சொற்பொழிவுகள், பவா செல்லதுரை சொல்லும் கதைகள் என்று இந்த ஊரிலிருந்து யூட்யூபுக்குப் போகும் பேச்சு ஏராளம். ஒரு மணி நேரப் பதிவிலிருந்து மூன்று நிமிடத் துண்டு எடுக்க, எடிட்டர் முழுவதையும் கேட்டாக வேண்டும். எழுத்துவழி எடிட்டிங் குறைப்பது இந்தக் கேட்கும் நேரத்தைத்தான். மென்பொருள் பேச்சை எழுத்தாக்கி, ஒவ்வொரு சொல்லும் எந்தக் கணத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்கிறது. வரியை அழித்தால் காட்சியும் போய்விடும். பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் அடோபியும் 2012-லேயே நேர்காணல்களில் இதைச் செய்து காட்டினார்கள். 2023-ல் பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய இரண்டு எடிட்டிங் மென்பொருள்களிலும் இந்த வசதி வந்துவிட்டது.

தமிழைத் தப்பும் தவறுமாக எழுதும் மென்பொருளால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள் 2022-ல் வெளியானது. அது 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அந்த ஒலியில் பெரும்பகுதி ஆங்கிலம். ‘வந்துக்கிட்டிருந்தான்’ என்று கதைசொல்லி சொன்னால், அது ‘வந்து கொண்டிருந்தான்’ என்று சுத்தத் தமிழாகலாம், வேறெதுவாகவும் ஆகலாம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிப் பேச்சுகளைத் திரட்டிவருவது இந்தக் குறையைப் போக்கத்தான். ஆனால் சப்டைட்டிலுக்கு வேண்டிய துல்லியம் வெட்டுவதற்கு வேண்டாம். எழுத்து பிழையாக இருந்தாலும் நேரக்குறிப்பு சரியாக இருந்தால், தேடும் இடத்துக்குப் போய்விடலாம்.

எனக்குப் பெரிய கவலை எழுத்துப்பிழை அல்ல, தமிழ் வாக்கியத்தின் அமைப்பு. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் அங்கேதான், பேச்சு யாருடையது என்பதும் அங்கேதான். ‘எல்லாம் விதிப்படிதான் நடக்கும், முயற்சி வீண் என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல’ என்று ஒருவர் பேசுகிறார் என்று வையுங்கள். ‘வீண்’ என்ற சொல்லோடு வெட்டினால், அவர் மறுத்த கருத்து அவருடையதாகவே ரீல்ஸில் சுற்றும். ஆங்கிலத்தில் ‘சிலர் சொல்வார்கள்’ பெரும்பாலும் முன்னால் வந்துவிடும். அங்கே வாலை வெட்டினாலும் அந்த எச்சரிக்கை தங்கும். பழைய முறையிலும் இந்தத் தவறு நடந்ததுதானே என்பார்கள். நடந்தது. ஆனால் கேட்டுக் கேட்டு வெட்டியவருக்கு, குரல் இன்னும் இறங்கவில்லை என்று காது சொல்லிவிடும். எழுத்தில் குரல் தெரியாது. போதாக்குறைக்கு, முற்றுப்புள்ளியை வைப்பதும் மென்பொருள்தான்.

பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளிகளை ஒரே சொடுக்கில் நீக்கும் வசதியிலும் இதே சிக்கல். பார்வையாளர் பொறுக்கமாட்டார் என்ற வாதம் செய்திக்கும் செயல்விளக்கத்துக்கும் பொருந்தும். கதைசொல்லி நிறுத்தும் இடத்தில்தான் கேட்பவர் அடுத்தது என்ன என்று யோசிக்கிறார். ரமணர் மௌனமாகவே உபதேசித்த ஊரில் மௌனத்தை வெற்றிடமாக எண்ணி அழிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்! ஆகவே தேடவும் தேர்ந்தெடுக்கவும் எழுத்து. வெட்டும் இடத்தை முடிவுசெய்யக் காது. துண்டையும், அது முடிந்தபின் வரும் அரை நிமிடத்தையும் ஒருமுறை கேட்டுவிடலாம். மூன்று நிமிடத் துண்டுக்கு அது மூன்றரை நிமிட வேலை.