இயங்குநிலை நாணய மாற்றம்

இயங்குநிலை நாணய மாற்றம் என்பது, வெளிநாட்டில் அட்டை வழியாகப் பணம் செலுத்தும்போது, தொகையைக் கடையின் கருவியே அட்டைதாரரின் சொந்த நாட்டு நாணயத்துக்கு மாற்றும் முறையாகும். இதில் மாற்று வீதத்தை விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள் தீர்மானிப்பதில்லை; கடைக்காரரின் வங்கியோ அதன் இடைத்தரகு நிறுவனமோ தீர்மானிக்கிறது. ஆதாயத்தில் கடைக்கும் பங்கு கிடைப்பதுண்டு. சில காசாளர்கள் கேட்காமலேயே ரூபாயை அழுத்திவிடுவது இதனால்தான் போலும்.

மதுரை திருநகரிலிருந்து சிங்கப்பூரில் உள்ள மகன் வீட்டுக்குச் சென்ற ஒருவர், தேக்காவில் 100 வெள்ளிக்குப் பொருள் வாங்குவதாகக் கொள்வோம். 1 வெள்ளி 65 ரூபாய் என்க. வெள்ளியிலேயே செலுத்தினால் 6,500 ரூபாய்; அவரது வங்கி 3.5% அயல்நாணயக் கட்டணம் வாங்கினால் அது 227.50, அக்கட்டணத்தின் மீது 18% சரக்கு சேவை வரி 40.95. ஆக 6,768.45 ரூபாய். ரூபாயைத் தேர்ந்தெடுத்து, கருவி 5% கூட்டினால் 6,825 ரூபாய். இதோடு முடிவதில்லை. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் செலுத்தினாலும் இந்திய வங்கிகள் பல 1% அளவில் தனிக் கட்டணமும் அதற்கு வரியும் பிடிக்கின்றன; அப்போது தொகை 6,905 ரூபாயைத் தாண்டும். ரூபாயில் பார்ப்பது கணக்குக்கு எளிதுதான்; அந்த வசதிக்கு இங்கே 137 ரூபாய் கூடுதல்.

ஆகவே உள்ளூர் நாணயத்தையே தெரிவு செய்ய வேண்டும். பணம் எடுக்கும் இயந்திரத்தில் நாணய மாற்றத்தை மறுத்தாலும் பணம் வரும். ரசீது ரூபாயில் வந்துவிட்டால், கடையை விட்டு வெளியேறும் முன்பே அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

2020 இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கும்போதே, அயல்நாணயக் கட்டணம் எத்தனை விழுக்காடு என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.