உறங்காத பிளவுகள்

கட்ச் நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உடைந்த பாறைகள் இன்னும் நகர்கின்றன

1819 ஜூன் 16 மாலை குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கி ஓய்ந்தபோது, ரான் உப்புச் சமவெளியின் குறுக்கே புதிதாக ஒரு மேடு நின்றது. நீளம் 80 கி.மீ.க்கும் அதிகம், உயரம் சில மீட்டர். சிந்து நதியின் கிளை ஒன்றை அது மறித்தது. தெற்கே நிலம் தாழ்ந்து, சிந்த்ரி கோட்டை நீரில் மூழ்கியது. மனிதர் கட்டாத அந்தக் கரைக்கு மக்கள் வைத்த பெயர் ‘அல்லா பந்த்’ - அல்லா கட்டிய அணை.

உண்மையில் அது நிலப்பிளவின் வேலை. பாறைக்கும் ஓரளவு வளையும் தன்மை உண்டு. அழுத்தம் ஏற ஏற வளைந்துகொடுக்கும் பாறை, எல்லை மீறியதும் உடைகிறது. உடைந்த பக்கங்கள் நகராவிட்டால் அது வெறும் விரிசல், நகர்ந்தால் நிலப்பிளவு. நிலம் இழுபட்டால் ஒரு பக்கம் சரிந்து இறங்கும். நெருக்கப்பட்டால் ஒன்றின் மேல் மற்றொன்று ஏறும். சில இடங்களில் இரண்டும் பக்கவாட்டில் உரசி நகரும்.

கட்ச், இழுப்பு நெருக்கல் இரண்டையுமே அனுபவித்திருக்கிறது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவை ஒட்டியிருந்த இந்திய நிலப்பரப்பு பிரியத் தொடங்கியபோது இங்கே பூமி இழுபட்டுப் பிளந்தது, நிலம் இறங்கியது. பின்னர் வடக்கே நகர்ந்த இந்தியா, ஆசியாவுடன் மோதியது. அந்த நெருக்கல் இன்றும் ஓயவில்லை. புதிதாக உடைவதைவிடப் பழைய உடைப்பில் நழுவுவது பாறைக்குச் சுலபம். எனவே அன்று பாறை இறங்கிய அதே பிளவுகளில் இன்று மேலேறுகிறது.

2001 ஜனவரி 26 காலை பூஜ் பகுதியைத் தாக்கிய 7.7 அளவு பூகம்பத்துக்கும் இந்த நெருக்கல்தான் காரணம். ஆனால் இம்முறை ஆழத்தில் நேர்ந்த உடைப்பு தரைமட்டத்தை எட்டவில்லை. இன்னொரு அல்லா பந்த் எழவில்லை. அரசுக் கணக்குப்படியே 13,800 பேருக்கு மேல் பலியானார்கள்.

இது யாரும் எதிர்பாராத இடமல்ல. 1956ல் அஞ்சார் நகரம் இடிந்திருந்தது. நாட்டின் பூகம்ப வரைபடத்தில் கட்ச் அப்போதே மிக அபாயமான மண்டலத்தில் இருந்தது. ஆனாலும் வீடுகள் அதற்கேற்பக் கட்டப்படவில்லை. 200 கி.மீ.க்கும் அப்பால், அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிக் கட்டடங்கள் நொறுங்கின.

பிளவு எந்த நாளில் நகரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றும் இல்லை. அது நகரும்போது விழாத வீட்டைக் கட்டும் வழி மட்டும் தெரியும்.